சாம்பாரை வெட்டிப் போடுகிறார்கள்

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் ஆஸ்திரேலியாவைப் பார்த்தவரில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகோடியில், லிஸ்மோர் ஊரைத் தாண்டி நிம்பின் மலைப்பக்கம், என் மகள் பண்ணை வைத்திருக்கும் பள்ளத்தாக்கில் ஆடிதான் உச்சக் குளிர். விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்து கிடக்கும். அன்று விதைத்தால் விதைக்குச் சளிதான் பிடிக்கும். தை மாதம் கோடை; மழை கொட்டும். பொங்கல் பானையை வாசலில் வைத்தால் பொங்கி வழிவது பாலா மழைத்தண்ணீரா என்று சொல்ல முடியாது. சித்திரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருஷப் பிறப்பு. மார்கழியில் வியர்வை. ஊரிலிருந்து கொண்டுபோன பஞ்சாங்கத்தை என் மனைவி ஒருநாள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அப்படியும் ஒத்துவரவில்லை.

தீபாவளி அங்கே வசந்தத்தில் வருகிறது. வசந்தம் என்றதும் பூவும் குயிலும் நினைவுக்கு வரும். அங்கே அது வறட்சி. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை காட்டுத்தீ அபாயக் காலம் என்று அரசாங்கமே குறித்து வைத்திருக்கிறது. பட்டாசு என்று வாயால் சொல்வதற்கே அக்கம்பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியன் வடக்கு வானத்தில் நகர்கிறது. வீட்டின் பெரிய ஜன்னல்கள் எல்லாம் வடக்கே பார்த்திருந்தன. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் உள்ளே விழ வேண்டும், கோடையில் தலைக்கு மேல் போகும் வெயிலைத் தாழ்வாரம் தடுத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. "வாஸ்து பார்த்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். "வாஸ்து புருஷன் பூமத்தியரேகையைத் தாண்டுனாரா தாண்டலையான்னு தெரியலைம்மா, அதனால சூரியனையே கேட்டுட்டோம்" என்றாள் மகள். பொறியியல் படித்த பெண். பேச்சில் ஜெயிக்க முடியாது.

போய் இறங்கிய வாரத்திலேயே துவரைச் சம்பவம் நடந்தது. கொய்யா, லிச்சி, மக்கடேமியா கன்றுகளுக்கு நடுவே துவரை ஆள் உயரத்துக்கு நின்றது. காயும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை பெரிய கத்தரியோடு வந்து, செடிகளை இடுப்பளவுக்கு நறுக்கி, காயோடும் இலையோடும் கன்றுகளின் காலடியில் பரப்பிக்கொண்டே போனார். என் மனைவி திண்ணையிலிருந்து கத்தினாள்: "ஐயையோ, சாம்பாரை வெட்டிப் போடுறாரே!"

மாப்பிள்ளை சிட்னியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எதற்கும் பதற மாட்டார். "ஓம் மாமி, உது மூடாக்கு" என்று விளக்கினார். துவரையின் வேர்முடிச்சு காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது. கன்று சிறிதாக இருக்கும்வரை செடி நிழல் தருகிறது. பிறகு வெட்டிப் போட்டால் மண்ணை மூடி ஈரம் காக்கிறது, மட்கி உரமாகிறது. வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கிறது. எல்லாம் சரி. ஆனால் சேர்ந்தாற்போல் துவரம்பருப்பு விலை ஏறிய வருடங்களைப் பார்த்தவளிடம் நைட்ரஜன் எடுபடுமா? அன்று முதல் மாப்பிள்ளை கத்தரியோடு கிளம்பினால் அவருக்கு நான்கு செடி முன்னால் இவள் மடியைக் கட்டிக்கொண்டு காய் பறித்தபடி போவாள். பண்ணையின் வடிவமைப்பில் இப்படி ஒரு அடுக்கு இல்லை என்று மகள் சொன்னாள். இப்போது சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது கற்பூர மரம். சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தை வில்லையாகவே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அங்கே மலைச்சரிவு முழுவதும் கற்பூர மரங்கள். இலையைக் கசக்கினால் கோயில் வாசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டார்களாம். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, கைவிட்ட பால்மாட்டு மேய்ச்சல் நிலங்களையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. இன்று அதற்கு அந்த ஊரில் பெயர் களை. உள்ளூர் மழைக்காட்டு மரங்களை மீட்க விரும்புகிறவர்கள் முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்ற மரத்தை மறுநாள் மாப்பிள்ளை அரைத்துத் தூளாக்கிப் பாதைக்குப் போட்டார். பகவான் மேலேயே நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் நடந்தாள்.

இந்த விவசாயத்துக்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர். டாஸ்மேனியாவில் பில் மோலிசன் என்பவரும், அவரைச் சந்தித்தபோது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து 1978-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. மோலிசன் மீன் பிடித்தவர், காட்டில் வேலை பார்த்தவர், பிறகு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அந்த வரிசைதான் எனக்குப் பிடித்திருந்தது. இதைக் கற்றுக்கொள்ள 72 மணி நேரப் பாடத்திட்டம் இருக்கிறது, முடித்தால் சான்றிதழ். நிம்பின் வட்டாரத்தில் கல்லை விட்டெறிந்தால் சான்றிதழ் வாங்கிய ஒருவர் மேல் விழும். 1973-இல் அந்த ஊரில் பல்கலைக்கழக மாணவர்கள் கூடி அக்வாரியஸ் என்று ஒரு பெரிய திருவிழா நடத்தினார்கள். திருவிழா முடிந்ததும் பலர் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டாக நிலம் வாங்கி, கையில் கிடைத்த மரம், மண், பழைய ஜன்னல் எல்லாம் வைத்து வீடு கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் சிலர் இப்போது என் வயதுக்காரர்கள். தலைமுடியை மட்டும் என்னைவிட நன்றாகப் பராமரிக்கிறார்கள்.

அவர்களில் யாரைப் பார்த்தாலும் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: உங்கள் நாட்டுப் பாட்டிகள் இதைத்தானே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்தார்கள்! சொல்லிவிட்டுக் கையைக் கூப்புவார்கள். நானும் பாட்டிகளின் சார்பில் கூப்புவேன்.

ஆனால் பாட்டியிடம் யாராவது கேட்டார்களா?

நான் மன்னார்குடிப் பக்கத்தில் மண் வீட்டில் பிறந்தவன். பச்சைமண் சுவர், கீற்றுக் கூரை, சாணி மெழுகிய தரை. கோடையில் உள்ளே குளுகுளு என்று இருக்கும், அது பொய்யில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரின் அடிப்பாகம் கரைந்து பல்லிளிக்கும், அதுவும் பொய்யில்லை. எலி வளை, கரையான் புற்று, சுவரில் கைவைத்தால் உதிரும் மண். பொங்கலுக்கு முன் சுவருக்கு மண் அப்பி வெள்ளையடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தரையை மெழுக வேண்டும். யார் செய்தார்கள்? அம்மாவும் அத்தைகளும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து மண் வீட்டின் குளிர்ச்சியைப் புகழ்ந்துகொண்டிருப்பார்.

எண்பதுகளில் நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தபோது கடன் வாங்கிக் காரை வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்தன்று அம்மா சிமெண்டுத் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே குனிய வேணாம்ல?" என்று கேட்டார். வேறு எதையும் பாராட்டவில்லை. மண்ணிலிருந்து வெளியே வர நான் கடன் வாங்கினேன். மண்ணுக்குள் போக என் மகள் கடன் வாங்கியிருக்கிறாள். இரண்டு தலைமுறையிலும் லாபம் பார்த்தது வங்கி மட்டும்தான்.

மகளின் வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டிய முறைதான் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்: கூரை முதலில், சுவர் பிறகு. மரத்தூண் நட்டு, தகரக் கூரை போட்டு, அதன் நிழலில் உட்கார்ந்துதான் மண் வேலையே தொடங்கியது. ஓர் ஆண்டில் 1500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பக்கத்தில் திறந்த வெளியில் பச்சைக்கல் அடுக்கினால் மறுவாரம் அது மறுபடி வயலாகிவிடும். தாழ்வாரத்தை ஒரு மனிதன் கைகாலை நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு இழுத்திருக்கிறார்கள். சுவரின் கீழே கல் அடித்தளம். மண் சுவருக்குத் தலையும் காலும் நனையக் கூடாது. நடுவில் என்ன ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது மாப்பிள்ளையின் சித்தாந்தம். எங்கள் ஊர்க் கொத்தனாரும் இதையே சொல்லியிருப்பார், கூடவே பீடிக்குக் காசு கேட்டிருப்பார்.

கல் அறுப்பது ஆவணி, புரட்டாசியில். அங்கே அதுதான் ஆண்டிலேயே வறண்ட பருவம். முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்பார்கள். மணல் உடனே அடியில் இறங்கும், அதன் மேல் வண்டல், களி மட்டும் மறுநாள் வரை கலங்கலாக நின்று நிதானமாகப் படியும். பட்டைகளை அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுவார்கள். என் அப்பா ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். சிதறினால் களி போதாது. சப்பையாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம். உருண்டையாகவே கிடந்தால் சரி. இதைச் செய்து காட்டினேன். மாப்பிள்ளை அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதாத ஒரே விஷயம் நான் சொல்லும் நகைச்சுவை.

மிதிப்பதற்கு ஆள் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தார்கள். சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தால் போதும், கூலி கிடையாது. களிமண்ணில் வைக்கோலைத் தூவி, பாட்டுப் போட்டு, சேற்றில் ஆடிக்கொண்டே மிதித்தார்கள். எங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கூப்பிட்டால் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அச்சில் அடித்து எடுத்த கல்லைச் சில நாள் படுக்கையாகக் காயவிட்டு, பிறகு நிறுத்தி வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு மழை தவறி வந்தால் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக்கொண்டு நள்ளிரவில் எல்லோரும் ஓடுவோம். ஐந்து மொழிகளில் வசவு கேட்டது அப்போதுதான்.

இத்தனைக்கும் முன்னால் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வரைபடம், பொறியாளர் சான்று, தீ அபாய அறிக்கை, கழிவுநீர் அறிக்கை. மண்ணில் கட்டுகிறோம் என்றதும் இன்னும் நான்கு தாள். கோப்பு நகர்ந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து தெம்பாக இருந்தது.

அனுமதியே வாங்காமல் அந்தப் பண்ணையில் மண்ணும் தழையும் வைத்துக் கட்டுகிற ஒருவர் உண்டு. காட்டு வான்கோழி. கறுத்த உடம்பு, சிவந்த மொட்டைத் தலை, கழுத்தில் மஞ்சள் மாலை. கட்சிப் பொதுக்கூட்டத்துக்குக் கிளம்பியவர் தோற்றம். குளிர்காலக் கடைசியில் ஆண் பறவை இடம் பார்த்து, சுற்றுவட்டாரத்தில் உள்ள இலை தழை அத்தனையையும் காலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி ஒரு மேடு எழுப்பும். ஆள் மார்பு உயரம், ஐந்தாறு தப்படி அகலம். மாப்பிள்ளை ஆண்டு முழுக்க வெட்டிப் பரப்பிய மூடாக்கு ஒரு வார இறுதியில் அதன் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே சேம்புக் கிழங்கும், மஞ்சளும், என் மனைவி நட்ட சின்ன வெங்காயமும்.

அந்த மேடு மட்கும்போது பிறக்கும் சூட்டில்தான் முட்டை பொரிகிறது. பெட்டை வந்து முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. ஆண்தான் பல மாதம் காவல். அலகை மேட்டுக்குள் குத்திச் சூடு பார்க்கும். அதிகமானால் தழையைத் தள்ளும், குறைந்தால் மூடும். 33 முதல் 35 டிகிரி வரை நிறுத்தி வைக்கும். மாப்பிள்ளையின் உரக்குழியில் நீளமான வெப்பமானி செருகியிருக்கிறது, ஆனாலும் அவருக்கு இந்தத் துல்லியம் வாய்க்கவில்லை. குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வந்து, அப்பா அம்மா யாரென்று கேட்காமல் காட்டுக்குள் போய்விடும். "பாருங்க, ஆம்பளை வேலை செய்யுது" என்று என் மனைவி என்னைத் தினமும் அந்த மேட்டுப்பக்கம் நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போவாள்.

விரட்டலாமே என்றேன். "தொடேலாது மாமா, சட்டம்" என்றார் மாப்பிள்ளை. பாதுகாக்கப்பட்ட இனம். மோலிசன் சொல்லிப் பிரபலமான ஒரு கருத்து உண்டு: தோட்டத்தில் நத்தை மிகுந்துவிட்டது என்று வருந்தாதே, வாத்து குறைவாக இருக்கிறது என்று எடுத்துக்கொள். "அப்படின்னா வான்கோழி மிகுந்திருக்கிறது எதோட குறைவு?" என்று கேட்டேன். யோசித்தார். "உடும்பு மாமா. உடும்புதான் அதின்ர முட்டையைத் தோண்டித் தின்னும்." உடும்பும் வந்தது, நான் பார்த்தேன், ஆள் நீளம் இருந்தது. அது மேட்டுப்பக்கமே திரும்பாமல் நேராகக் கோழிக்கூண்டுக்குப் போனது.

வடாம் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மாசி பங்குனியில் வடாம் போடுவது என் மனைவியின் விரதம். அங்கே அந்த மாதங்களில் மழை விடாமல் பெய்யும். வடாம் காயாது, பச்சையாகவே பூசணம் பூக்கும். பூசணம் வடாமோடு நிற்கவில்லை. என் தோல் செருப்பு, இடுப்பு வார், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றிலும் பச்சை பூத்தது. அந்த ஈரத்தில் சுவர் மட்டும் சரியாக இருந்தது. களிப்பூச்சு காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காய்ந்த நாளில் திருப்பிக் கொடுத்துவிடும். செருப்பைச் சுவருக்குள் வைத்துக் கட்டியிருக்கலாம். வெளியே கால் வைத்தால் அட்டை. கூரைக்கும் பரணுக்கும் நடுவே மலைப்பாம்பு ஒன்று தங்கியிருந்தது. விஷம் கிடையாது, எலிக்கு அதுதான் வைத்தியம். "உது எங்கட ஆள் மாமி" என்றார் மாப்பிள்ளை. அந்த ஆளுக்குப் பயந்து என் மனைவி மாசி முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் தூங்கினாள்.

மழையைப் பற்றி அங்கே யாரும் ஒரு அளவுக்கு மேல் வேடிக்கையாகப் பேசுவதில்லை. 2022 பிப்ரவரி 28 அன்று லிஸ்மோரில் ஆறு 14.4 மீட்டருக்கு ஏறியது. அதற்கு முந்தைய உச்சத்தைவிட இரண்டு மீட்டருக்கும் மேல். கூரை மேல் ஏறி நின்றவர்களை அக்கம்பக்கத்தார் சொந்தப் படகில் வந்து இறக்கினார்கள். மலைப்பக்கம் நிலச்சரிவில் பாதைகள் போயின. மகளின் நிலம் மேட்டில் இருந்ததால் தப்பியது. அந்தக் கதையை அவள் சொல்லும்போது மாப்பிள்ளை எழுந்து வெளியே போய் வாய்க்காலைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

என் மனைவி வடாமை வறண்ட ஆவணிக்குத் தள்ளிவைத்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது, காற்று வறண்டிருந்தது, வேட்டியில் வரிசை வரிசையாக ஊற்றிய வடாம் மாலைக்குள் முறுகியது. உள்ளே போய்ச் சம்படம் எடுத்து வருவதற்குள் மஞ்சள் மாலைக்காரர் வேட்டியோடு இழுத்துப் போய்விட்டார். அவர் மேட்டில் ஜரிகைக்கரை வெளியே தெரிய அது ஆறு மாதம் மட்கியது. எனக்கு அது கல்யாண வேட்டி.

வீட்டுச் சுவரைப் பொறுத்தவரை இன்னொரு குடித்தனமும் உண்டு. தாழ்வாரத்து வெயில் படும் பக்கத்தில் சுவர் முழுக்கப் பென்சில் நுழையும் அளவு ஓட்டைகள். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒருவகைத் தேனீ. கூட்டமாக வாழாது, பெண் தேனீ ஒவ்வொன்றும் மென்மையான மண்ணில் தனித்தனியாக அறை குடைந்து முட்டையிடும். நான் களிமண் உருட்டி அடைக்கப் போனேன். மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். தக்காளிப் பூ சாமானியத்தில் மகரந்தத்தைக் கொடுக்காது. பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் உதிரும். நாம் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, இந்த நீலப்பட்டைக்குத் தெரியும். "சுவர்ல ஓட்டை இருந்தாத்தான்பா ரசம்" என்றாள். மண் வீட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் என் மனைவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

பண்ணைக்கு வருமானம் பழத்தில் இல்லை, பயிற்சி வகுப்பில் இருக்கிறது. நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய மாதம், சாணிப் பூச்சுக்கும் தரை மெழுகுவதற்கும் வார இறுதி வகுப்பு என்று அறிவித்தார்கள். பிரிஸ்பேனிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சாணி, களி, மணல், சல்லடையில் சலித்த வைக்கோல் தூள் எல்லாம் வாளி வாளியாகத் தயார். அம்மா ஒரு தரம் செய்து காட்டேன் என்று மகள் கேட்டாள்.

"கல்யாணமாகி வந்ததிலேர்ந்து காரை வீடு கட்டுறவரைக்கும் மெழுகினேன். உங்கப்பா ஒருநாள் வாளி தூக்கினது கிடையாது. இனி நான் குனியறதா இல்லை" என்றாள் என் மனைவி.

"மாமி, அவை காசு கட்டி வந்திருக்கினம்" என்றார் மாப்பிள்ளை.

"தலைக்கு எவ்வளவு?"

சொன்னார். என் மனைவி அதை மனசுக்குள் ரூபாயாக்கினாள். பிறகு இன்னொரு முறை ஆக்கிப் பார்த்தாள். வங்கியில் நான் முப்பது வருடம் பார்க்காத வேகம். பாதிப் பங்கு தனக்கு என்று பேசி முடித்துவிட்டு, தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலி போடச் சொன்னாள். "நான் குனிய மாட்டேன். உக்காந்து சொல்லித் தரேன். செஞ்சு காட்ட ஒரு ஆள் வேணும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் மரியாதையாகக் கை கூப்பினார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டி முட்டி போட்டேன். சாணியைக் கரைத்து, கை நிறைய அள்ளித் தரையில் வைத்து அரைவட்டமாக இழுத்தேன். பின்னால் இருபது பேர் அதேபோல இழுத்தார்கள். நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மகள் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விரல் கோடு விழுது பாருங்க. உள்ளங்கையை வைங்க. ம், அப்படியே பின்னாடி நகருங்க. மெழுகின இடத்துல கால் வைக்காதீங்க. அந்த மூலையை யாரு மெழுகுவா, உங்கம்மாவா?"